அக்கியும் அம்மையும் ஒரே வீட்டில்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

நான் கிராம சுகாதார செவிலியர். என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஒரு வீட்டில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சமயபுரத்துக்கு நடந்தே போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர் என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இந்தக் கதைக்குள் வருகிறது.

ஒரு நோய்க்குக் காரணம் கோபம், தீட்டு, கண்ணேறு, தெய்வத்தின் விளையாட்டு என்று நம்புவதையும், அதற்குப் பரிகாரமாக ஒரு பொருளையோ செயலையோ வைப்பதையும் மந்திரச் சிந்தனை என்று சொல்கிறார்கள். எங்கள் பயிற்சியில் இதை 'மூடநம்பிக்கை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். களத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. நம்பிக்கை அந்த வீட்டில் எதை மறைத்தது, எந்த இடத்தில் வழிவிட்டது என்பதை இந்த நிகழ்வில்தான் நான் கிட்டத்தில் பார்த்தேன்.

வீடு

ஓட்டு வீடு, ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. தாத்தாவுக்கு 68 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. பாட்டிதான் அந்த வீட்டில் முடிவெடுப்பவர். மகன் 31 வயது, கொத்தனார், பீடி பிடிப்பவர். மருமகளுக்கு 24 வயது, இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருப்பவர், அப்போது 30 வாரம். மூத்த பெண்குழந்தைக்கு நாலு வயது.

மருமகள் என் பதிவேட்டில் இருப்பவர் என்பதால் அந்த வீடு எனக்குப் பழக்கம். பாட்டி என்னை நர்சம்மா என்பார், நான் அவரைப் பெரியம்மா என்பேன். மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

முதலில் வந்தது அக்கி

மாசி மாதம் முதல் வாரத்தில் தாத்தாவுக்கு இடது இடுப்பில், முதுகிலிருந்து தொப்புள் வரை பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. எரிச்சல் தாங்காமல் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பக்கத்து ஊர்க் குயவரிடம் அழைத்துப்போய் அக்கி எழுதினார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காவியைக் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் எழுதுவார்கள். தாத்தாவுக்கு ஒரு சிங்கம் வரைந்திருந்தார். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடும் என்பது நம்பிக்கை. சக்கரத்தில் மண்ணைப் பிடிக்கும் கைக்குச் சூட்டை இறக்கும் சக்தி உண்டு என்பதால்தான் இந்த வேலை குயவருடையது. ஈரக் காவி குளிர்ச்சியாக இருக்கும், காய்ந்ததும் இறுகப் பிடிக்கும், அந்த நேரத்துக்கு எரிச்சல் குறைந்ததுபோல இருக்கும். மூன்று நாள் எழுதினார்கள்.

அந்த வாரம் மகன்தான் அப்பாவுக்குத் துண்டு நனைத்து முதுகு துடைத்தது, கசிந்த வேட்டியை மாற்றியது எல்லாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போன எங்கள் பணியாளர் இடுப்பில் காவியைப் பார்த்திருக்கிறார். நானும் ஒருநாள் திண்ணையில் அவரைப் பார்த்தேன். 'அக்கியா தாத்தா, கண்ணுகிட்ட இல்லையே' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸின் வேலை. சின்னம்மை வந்துபோன பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் தூங்கும். வயதாகும்போது, உடம்பு எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஒரு நரம்பு வழியாக மேலே வந்து பட்டையாகக் கொப்புளம் கிளப்பும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் வரும். அந்தக் கொப்புளத்து நீர், சின்னம்மை வராத ஒருவர்மேல் பட்டால் அவருக்கு அக்கி வராது, அம்மை வரும். ஊரில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வழக்கப்படி இரண்டும் வேறு வேறு. அக்கி குயவர் கையில், அம்மை ஆத்தா கையில். அக்கி வந்த வீட்டில் வேப்பிலை கட்டுவதில்லை, தாளிப்பை நிறுத்துவதில்லை, யாரும் ஒதுங்குவதில்லை.

நிலைப்படியில் வேப்பிலை

சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, மகனுக்குக் காய்ச்சலோடு முத்து போட்டது. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி இருப்பதாக ஐதீகம். துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர்தான் நைவேத்தியம். ஆத்தா பட்டினி கிடக்கும் நாளில் ஆத்தாவே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டுக்காரர்கள் மனசு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயமும் இருந்தது, ஒரு பெருமையும் இருந்தது.

மறுநாள் புதன், தடுப்பூசி நாள். முடித்துவிட்டுத் திரும்பும்போது நிலைப்படியில் வேப்பிலை பார்த்தேன். உள்ளே போனேன், செருப்போடு திண்ணை வரை. மகன் கூடத்தில் வேப்பிலை மேல் வெள்ளை வேட்டி விரித்துப் படுத்திருந்தார். முகம், நெஞ்சு, தலைக்குள் எல்லாம் முத்து. நான் செய்த காரியத்தை அப்படியே எழுதுகிறேன். 'பெரியம்மா, இது ஆத்தா எல்லாம் இல்லீங்க, வைரஸ். பெரிய ஆளுக்கு வந்தா நுரையீரல்ல இறங்கும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்' என்று சொன்னேன். சொன்னதில் ஒரு மருத்துவப் பிழையும் இல்லை. கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவதுதான் நல்லது, பெரியவர்களுக்கு 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை. சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு நிமோனியா ஆபத்து அதிகம்.

பாட்டி கையைக் கூப்பினார். 'ஆத்தா இருக்கிற இடத்துல அப்படிப் பேசாதீங்க நர்சம்மா. மருந்து குடுத்தா உள்ளுக்குள்ளேயே தங்கிருவா. போயிட்டு அப்புறம் வாங்க' என்றார். மோர் இல்லை. கதவைச் சாத்தினார்.

மூன்றாம் நாள்

அன்று ராத்திரி யோசித்தேன். பாட்டி சொன்ன 'உள்ளுக்குள்ளே தங்கிவிடும்' என்பது வெறும் பிடிவாதம் இல்லை. பெரியம்மை இருந்த காலத்தில், முத்து வெளியே வராமல் உள்ளே ரத்தக்கசிவாகப் போனவர்கள் பிழைத்ததில்லை. முத்து நன்றாக எழும்பினால் பிள்ளை தப்பிக்கும் என்று அந்தக் காலத்துக் கிழவிகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று அறிவித்தது 1977-ல், உலகம் முழுக்க ஒழிந்தது என்று அறிவித்தது 1980-ல். நோய் போய்விட்டது, அந்த நோய்க்கான பயம் மட்டும் சின்னம்மைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வியாழன் காலை செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, வாசலில் நின்று, 'ஆத்தாவுக்கு என்னென்ன செய்யிறீங்க பெரியம்மா' என்று மட்டும் கேட்டேன். சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அவர் தனியாகத்தான் படுக்கணும். தட்டு, டம்ளர் தனி. வெளியாள் வரக்கூடாது. புருஷன் பெண்டாட்டி ஒன்றாக இருக்கக்கூடாது. தாளிக்கக்கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இளநீர், மோர், நுங்கு. அரித்தால் நகம் படக்கூடாது, வேப்பிலைக் கொத்தால் வருடணும். முத்து காய்ந்தபிறகு ஒற்றைப்படை நாளில் தண்ணீர் ஊற்றணும்.

இதில் பாதிக்கு மேல் நான் எழுதிக்கொடுத்திருக்க வேண்டியதுதான். ஒதுக்கி வைப்பது, தனித் தட்டு, நீராகாரம், சொறியாமல் இருப்பது, கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை வெளியே விடாமல் இருப்பது. தாளிக்காமல் இருப்பதில் மருத்துவப் பயன் எதுவும் கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் இரண்டு பக்கத்து வீட்டிலும்கூடத் தாளிக்கவில்லை, கடுகு வெடிக்கும் சத்தம் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு ஆளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதற்காக மூன்று வீடு சேர்ந்து நாக்கைக் கட்டுகிறது.

இல்லாதது ஒன்றுதான், மருந்து. அதோடு ஒரு ஓட்டையும் இருந்தது. முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். ஆத்தா வந்தாள் என்று தெரிந்த பிறகுதான் வழக்கம் ஒதுக்கி வைக்கும். அதற்குள் மருமகளும் பேத்தியும் தொற்றுக்குள் இருந்தாயிற்று.

மருமகளிடம் 'உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா' என்று கேட்டேன். 'போட்டிருக்குக்கா, எங்க அம்மா தண்ணி ஊத்துனாங்க, ஞாபகம் இருக்கு' என்றது. நிம்மதியாக இருந்தது. ஏதோ தோன்றி அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். 'அது மணல்வாரிங்க, சின்ன சின்னதா செவப்பா வந்துச்சு' என்றார். நம் பேச்சில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, கன்னம் வீங்கும் பொன்னுக்கு வீங்கி, எல்லாம் அம்மைக் குடும்பம்தான், எல்லாம் ஆத்தா. 'அம்மை போட்டாச்சு' என்ற ஒரு வார்த்தையை நம்பியிருந்தால் சின்னம்மை எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு கர்ப்பிணியை அப்படியே விட்டிருப்பேன்.

அப்போதுதான் திண்ணையில் தாத்தா திரும்பிப் படுத்தார். இடுப்பில் மங்கிப்போன காவி, சிங்கத்தின் வால் மட்டும் தெரிந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று மூன்று முடிவு எடுத்தேன். ஒன்று, வழக்கத்தில் எதையும் எடுக்கச் சொல்வதில்லை. இன்னொன்று, மருமகளும் குழந்தையும் அறைக்குள், மகன் கூடத்தில்; இதற்குப் புதிதாகக் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை, வழக்கமே சொல்லிவிட்டது. மூன்றாவது, மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை. தாய்வீட்டுக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. அனுப்பவில்லை. தொற்று ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் அங்கே இன்னொரு வீட்டுக்குப் பரப்பத்தான் உதவும். அம்மை இருக்கும் வீட்டிலிருந்து தண்ணீர் ஊற்றும்வரை யாரும் கிளம்பக்கூடாது என்று பாட்டியும் சொன்னார்.

மகனுக்கு மாத்திரை பற்றி அன்று பேசவில்லை. வாசல் மறுபடி சாத்தப்படுமோ என்று பயந்தேன்.

நான்காம் நாள் மாலை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனபோது மகன் உட்கார்ந்திருந்தார், படுக்க முடியவில்லை. வறட்டு இருமல். ஒரு நிமிடத்துக்கு 32 மூச்சு எண்ணினேன். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம்தான். வாசலுக்கு வந்து முதலில் 108-க்குப் போன் செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அப்புறம்தான் தெருக்கோடியில் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை என்பதால் பூசாரி அங்கே இருந்தார், அறுபதைத் தாண்டியவர். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஆத்தா உத்தரவு கொடுத்ததாகச் சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1800-களின் தொடக்கத்தில் ஜனங்கள் அம்மைப்பால் (பெரியம்மைத் தடுப்பூசி) குத்திக்கொள்ளத் தயங்கியபோது, அதைப் புராணக் கதைபோல எழுதிப் பரப்பப் பார்த்தார் என்று படித்திருக்கிறேன். நல்ல நோக்கம்தான். ஆனால் தெய்வத்தின் வாயில் நம் பேச்சை வைப்பது ஏமாற்று வேலை, வெளியே தெரிந்தால் அடுத்த வாசல் திறக்காது.

பூசாரி தாமாக வந்தார். மகனைப் பார்த்தார், நெற்றியில் திருநீறு வைத்தார், பாட்டி பக்கம் திரும்பி, 'ஏத்தா, முத்துக்கு மருந்து போட வேணாம்னு தானே சொன்னோம். இவனுக்கு மூச்சு வாங்குது. மூச்சுக்கு வைத்தியம் பாக்கக்கூடாதுன்னு ஆத்தா எங்க சொன்னா?' என்றார்.

எனக்கு இது தோன்றியிருக்காது. அம்மை வேறு, மூச்சு வேறு. மருத்துவப்படி இரண்டும் ஒன்றுதான், ஒரே வைரஸ் தோலிலும் நுரையீரலிலும் வேலை செய்கிறது. ஆனால் அக்கியையும் அம்மையையும் தனித்தனியாகப் பிரித்து எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்த அதே பழக்கம்தான், இங்கே மூச்சைத் தனியாகப் பிரித்து ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவிட்டது. பாட்டி அழுதுகொண்டே ஒரு வேப்பிலைக் கொத்தை மகன் கையில் கொடுத்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில்

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக இருந்தது. தனி அறை, ஆக்சிஜன், நரம்பு வழியாக அசைக்ளோவிர். முதல் ராத்திரி அங்கே ஒருவர் வேப்பிலையைக் குப்பையில் போட்டுவிட்டார். பாட்டி மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பவே தயாராகிவிட்டார், இதைப் போனில் கேட்டு நான் நடுங்கிப்போனேன். பணியில் இருந்த இளம் டாக்டரிடம் பேசினேன். அவர் புதுக் கொத்து ஒன்று வாங்கிவரச் சொல்லித் தலையணைக்குக் கீழே வைக்கவிட்டார். அரை நிமிட வேலை. அந்த டாக்டர் எரிச்சல்பட்டிருந்தால் நான் இந்தப் பதிவையே வேறு மாதிரி முடித்திருக்க வேண்டிவந்திருக்கும். ஐந்து நாளில் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு சீரானது, மீதி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருமகள்

ரத்தப் பரிசோதனை முடிவு ஏழாம் நாள் வந்தது. சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. முப்பது வாரத்தில் குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து பெரிதாக இல்லை, ஆனால் தாய்க்கு நிமோனியா வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. மகப்பேறு மருத்துவர், தொற்று பட்ட ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு அசைக்ளோவிர் கொடுக்க முடிவெடுத்தார்.

இதற்குப் பெரிய சண்டை வரும் என்று தயாராகப் போனேன். பாட்டி, 'இவளுக்குத்தான் ஆத்தா வரலையே, மாத்திரை சாப்பிட்டா என்ன' என்று முடித்துவிட்டார். தடை முத்து போட்டவருக்குத்தான், வராதவருக்கு இல்லை.

மருமகளுக்கு அம்மை வரவில்லை. பதினைந்தாம் நாள் பேத்திக்கு வந்தது, முப்பது நாற்பது முத்துதான், இரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். அம்மை இருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்லிவைத்தேன். அப்பளம் பொரிக்கச் சொல்லி அழுததுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. 39-ஆவது வாரத்தில் மருமகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, 2.9 கிலோ.

தண்ணீர் ஊற்றிய நாள்

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, மகனுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அண்டாத் தண்ணீரைக் காலையிலிருந்தே வெயிலில் வைத்திருந்தார்கள். ஊற்றுவதற்கு முன் முதுகில் ஒவ்வொரு பொருக்காகப் பார்த்தேன், ஈரமானது ஒன்றுகூட இல்லை. பாட்டியும் என்னோடு சேர்ந்து பார்த்தார், எனக்கு முன்பே முடித்துவிட்டார்.

இன்று செய்தால் என்ன மாற்றுவேன்

அக்கியைப் பார்த்த அன்றே, வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, அம்மை வராத பெரியவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கொப்புளத்தைத் துணியால் மூடச்சொல்லி, வேட்டியைத் தனியாகத் துவைக்கச்சொல்லி, மகனைத் துடைக்கவிடாமல் பாட்டியைத் துடைக்கச் சொல்லியிருந்தால் (அவருக்குச் சின்ன வயதில் முத்து போட்ட தழும்பு நெற்றியில் இருக்கிறது) பெரும்பாலும் இத்தனையும் நடந்திருக்காது. தாத்தாவுக்கும் அன்றே மாத்திரை தொடங்கியிருக்கலாம். அவருக்கு இன்றும் அந்த இடத்தில் சட்டை பட்டால் எரிகிறது, நரம்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

இரண்டாம் நாளே ஆக்சிமீட்டர் வைத்திருக்க வேண்டும். அதை மாட்ட யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், அது மருந்து இல்லை. மூன்றாம் நாள் மாத்திரையைப் பற்றிப் பேசாமல் திரும்பியது என் கோழைத்தனம், முந்தின நாள் பேசிய பேச்சுக்கு அது வட்டி. பூசாரியிடம் நான்காம் நாள் ஓடியதை இரண்டாம் நாள் நிதானமாகப் போய்ச் செய்திருக்கலாம். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சக செவிலியர்கள் கேட்கிறார்கள். அதனால்தான் 108-க்கு முதலில் போன் செய்தேன், இன்றும் அந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் இப்போது 'அம்மை வந்ததா' என்று நான் கேட்பதில்லை. முத்து எப்படி இருந்தது, நீர் கோத்திருந்ததா, தழும்பு எங்கே என்று கேட்கிறேன். சின்னம்மைத் தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை, கர்ப்ப காலத்தில் போடவும் முடியாது. அதனால் புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களிடமே கேட்டுவைக்கிறேன்.

பிறகு

குயவரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்போல, முதலில் சரியாகப் பேசவில்லை. கண் பக்கத்தில் வரும் அக்கி ஆபத்து என்று நான் ஆரம்பித்ததும், 'கண்ணுல வந்தா நான் எழுதுறதே இல்லம்மா, எங்கப்பா காலத்துலேர்ந்தே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புறோம்' என்றார். வீட்டில் முழுகாமல் இருப்பவர்கள் உண்டா என்று கேட்கச் சொன்னேன், ஒருவருக்கு வைத்த இறகை இன்னொருவருக்கு வைக்க வேண்டாம் என்றேன். இரண்டுக்கும் சரி என்றார். என் போன் நம்பரைக் கரித்துண்டால் சுவரில் எழுதிவைத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை பாட்டியிடமிருந்து போன் வந்தது. 'நர்சம்மா, மேலத்தெருவுல ஒருத்தருக்கு அக்கி எழுதியிருக்காங்க. அந்த வீட்டு மருமக முழுகாம இருக்கு, அதுக்கு முத்து போட்டதே இல்லையாம். நான் விசாரிச்சுட்டேன். வெரசா வாங்க' என்றார்.